கொரொல்லாவின் பொனட்டுக்கு எத்தனை நியூட்டன்?

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில், திறந்த பொனட்டைத் தாங்கி நிற்கும் வாயுத் தண்டான கேஸ் ஷொக் ஒரு சோடி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் வாகனத்தின் பெயரைக் கேட்பார். அடுத்து, "நல்ல பலமானதாகத் தரவா?" என்பார். முதல் கேள்விக்குத் தாராளமாகப் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்குத் தலையாட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தவர்களின் கார்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பொனட்டின் முன்பக்கம் பூட்டில் ஒழுங்காக இருக்கும். பின்மூலைகள் இரண்டும் மட்கார்டுக்கு மேலே எழும்பி நிற்கும். சிலவற்றில் பிணைச்சலுக்குச் சற்று முன்னால், பெயின்டுக்கு அடியில், தகட்டில் ஒரு மடிப்பு ஓடும். வெயில் சாய்வாக விழும்போது மட்டும் அது தெரியும். கண்ணில் ஒரு தடவை பட்டுவிட்டால் அதன் பிறகு தெரியாமலே இராது.

எங்கள் வீட்டில் இருப்பது டொயோட்டா கொரொல்லா 121. இலங்கையில் அந்த இலக்கத்தைச் சொன்னாலே போதும், மிச்சத்தை எதிரில் இருப்பவர் சொல்வார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைத் தூசு தட்டி, துரு சுரண்டி, நகைபோலப் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டோம். எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை காட்டி வாரக் கணக்கில் ஓடிய 2022இல் கார் வீதியில் நின்றதைவிட வாசலில் பொனட்டைத் திறந்தபடி நின்ற நேரமே அதிகம். அப்போது தொற்றிய பழக்கம்தான், ஒன்றும் பழுதில்லாவிட்டாலும் பொனட்டைத் திறந்து பார்ப்பது.

திறந்தால் முட்டுக்கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரு கையால் பொனட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, மேலே இருக்கும் ஓட்டையைத் தேடிச் செருக வேண்டும். கிளிப் பிளாஸ்டிக். இருபது ஆண்டு எஞ்சின் சூட்டில் அது பொரிந்துபோய்விடும்; அதன் பிறகு கம்பி குழிகளில் எல்லாம் கடகடக்கும். எஞ்சின் சூடாக இருந்தால் கம்பியும் சுடும். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். மெரைன் டிரைவ் ஓரமாக நிறுத்திப் பொனட்டைத் திறந்தவர்களுக்குத் தென்மேல் பருவக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காற்று பொனட்டை ஒரு அங்குலம் மேலே தூக்கினால் போதும், கம்பி ஓட்டையை விட்டு நழுவிவிடும். கீழே கை இருந்தால் கை, தலை இருந்தால் தலை.

ஆனாலும் அந்தக் கம்பியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. பொனட் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் அது வேலை செய்கிறது; மூடிவிட்டால் யாரையும் தொந்தரவு செய்யாமல் படுத்துக்கொள்கிறது. ஷொக் அப்படியல்ல. பொனட் மூடியிருக்கும்போதுதான் அது மிக அதிகமாக அமுங்கியிருக்கிறது. ஆகவே அப்போதுதான் மிக அதிகமாகத் தள்ளுகிறது. இரவு, பகல், மழை, வெயில், பயணம், தரிப்பு என்ற வேறுபாடு அதற்கு இல்லை. தொழிற்சாலையிலேயே ஷொக்கோடு வரும் கார்களில் பிணைச்சலும் உட்சட்டமும் அதற்கேற்பப் பலப்படுத்தப்பட்டிருக்கும். கொரொல்லாவின் பொனட்டை வரைந்தவர் அப்படி ஒரு தள்ளலை நினைத்து வரையவில்லை. முக்கால் மில்லிமீற்றர்கூட வராத தகடு அது. வெளியிலிருந்து ஷொக் வாங்கிப் பூட்டுகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான்: எவ்வளவு பலம் கிடைக்கும் என்று கேட்கக்கூடாது, எவ்வளவு குறைந்த பலத்தோடு சமாளிக்கலாம் என்றுதான் கேட்க வேண்டும்.

ஷொக்கின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. உருளையில் உயர் அழுத்த நைதரசனும் சிறிதளவு எண்ணெயும் இருக்கின்றன. வாயு பிஸ்டனைத் தள்ளுவதாகத்தான் பொதுவாக நினைப்பார்கள். பிஸ்டனில் ஒரு சிறு துளை இருக்கிறது. வாயு இருபக்கமும் போய்வரும். அழுத்தம் இருபக்கமும் ஒன்றே. தண்டு இருக்கும் பக்கத்தில் மட்டும், தண்டின் பருமன் அளவுக்கு இடம் குறைகிறது. அந்தச் சிறு வட்டத்தின் மீதான அழுத்தம்தான் தண்டை வெளியே தள்ளுகிறது. 8 மில்லிமீற்றர் தண்டின் குறுக்கு வெட்டு ஏறத்தாழ 50 சதுர மில்லிமீற்றர். அதிலிருந்து 250 நியூட்டன் விசை கிடைக்க வேண்டுமானால் உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐம்பது மடங்கு இருக்க வேண்டும். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல். ஷொக்கைத் துளைக்காதே, வெட்டாதே, நெருப்பில் போடாதே என்று உருளையில் அச்சிட்டிருப்பது சும்மா அல்ல. பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அவர் அதை வெட்டிப் பார்க்கக்கூடிய ஆள்.

சரி, எத்தனை நியூட்டன்? இதற்குப் பொனட்டைக் கழற்றி நிறுக்கத் தேவையில்லை. விமான நிலையத்துக்குப் போகுமுன் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. பாதிக் குடும்பம் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் வீடுகளில் நிச்சயமாக இருக்கும். அதைப் பொனட்டின் பூட்டு வளையத்தில் கொளுவி மெல்ல இழுத்தேன். பொனட் எழும்பத் தொடங்கும்போது 7 கிலோ காட்டியது, அதாவது சுமார் 69 நியூட்டன். பிணைச்சலிலிருந்து பூட்டு வரை ஒரு மீற்றர். ஆகவே மூடிய நிலையில் பொனட்டைக் கீழே சுழற்றும் திருப்பம் சுமார் 69 நியூட்டன் மீற்றர். ஐம்பது பாகை திறந்து நிற்கும்போது பாரத்தின் ஒரு பங்கு பிணைச்சல் மீது போய்விடுவதால் அது 44 ஆகக் குறைகிறது. ஷொக் தாங்க வேண்டியது இந்த 44ஐத்தான்.

அடுத்த அளவு, ஷொக் தள்ளும் கோட்டுக்கும் பிணைச்சலுக்கும் இடையிலான செங்குத்துத் தூரம். கதவைப் பிணைச்சல் பக்கமாகத் தள்ளிப் பார்த்தவருக்கு இது ஏன் என்று புரியும். ஒரு முனையை மட்கார்டின் உள்விளிம்பிலும் மறுமுனையைப் பொனட்டின் சட்டத்தில் பிணைச்சலுக்கு 12 சென்ரிமீற்றர் முன்னாலும் வைத்தால், திறந்த நிலையில் அந்தத் தூரம் கிட்டத்தட்ட 12 சென்ரிமீற்றர் வருகிறது; மூடிய நிலையில் 2 சென்ரிமீற்றர்தான். 44ஐ இரண்டு ஷொக்குக்கும் பங்கிட்டு 12 சென்ரிமீற்றரால் வகுத்தால் ஒன்றுக்கு 183 நியூட்டன். காற்றுக்கும் வயதுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 220.

இந்தக் கணக்கோடுதான் மருதானைப் பக்கமாக இறங்கினேன். பஞ்சிகாவத்தை வீதியில் டிக்கி ஷொக் தொங்கவிட்டிருக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஜப்பானில் கழற்றி வந்த பாவித்த பொருட்கள், சீனாவிலிருந்து வந்த புதிய சோடிகள், எங்கிருந்து வந்தவை என்று கேட்கக்கூடாதவை. நான் போன கடையின் நானாவுக்குக் கடையில் எது எங்கே இருக்கிறது என்பது விரல் நுனியில்.

"121க்கா தம்பி? இதைக் கொண்டு போங்கள். கையே வைக்க வேண்டாம், தானாக எழும்பும்."

"இது எத்தனை நியூட்டன், நானா?"

"நியூட்டனைப் பார்த்து யார் வாங்குகிறார்கள்? கனமான சாமான். வருடக்கணக்கில் நிற்கும்."

உருளையைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல நிறுவனங்கள் விசையை உருளையிலேயே அச்சிடுகின்றன. இதில் 400 என்று இருந்தது. ஹட்ச்பேக் கார் ஒன்றின் பின்கதவிலிருந்து வந்திருக்க வேண்டும். கண்ணாடியும் வைப்பரும் சுமக்கும் பின்கதவு எங்கே, வெறும் தகட்டுப் பொனட் எங்கே! என் கணக்கில் தாங்கத் தேவையான 183ஐவிட அது இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பொனட்டை மூடத் தொடங்கவே முன்விளிம்பில் ஐந்து கிலோவுக்கு மேல் அமுக்க வேண்டும். நாம் அமுக்குவது முன்னால், ஷொக் எதிர்ப்பது பின்னால். நடுவில் மாட்டிக்கொள்ளும் தகடு வளையாமல் என்ன செய்யும்? மேலே சொன்ன மடிப்பு இப்படித்தான் பிறக்கிறது.

மெல்லிய சோடி ஒன்று கேட்டேன். எழுத்து அழிந்துபோன இரண்டைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப் போட்டார். இரண்டும் ஒரே நீளம், ஒரே தண்டு, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பக்கத்துக் கடையில் இரும்பு நிறுக்கும் தட்டுத் தராசு ஒன்று இருந்தது. தண்டு முனை கீழே இருக்கும்படி ஷொக்கைத் தட்டில் நிறுத்தி, மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து, உடம்பைச் சாய்த்து மெல்ல மெல்ல அமுக்கினேன். முள் ஏறிக்கொண்டே போனது. தண்டு அசையவில்லை. 22ஐத் தாண்டியதும் அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது, முள் அங்கேயே நின்றது. 22 கிலோ என்றால் ஏறத்தாழ 220 நியூட்டன். இரண்டாவதை வைத்தேன், 17லேயே இறங்கிவிட்டது. தண்டைச் சுற்றி ஈரமாக ஒரு எண்ணெய் வளையம் தெரிந்தது. சீல் போய், வாயு கசிந்த ஷொக். ஒரு பக்கம் 22, மறுபக்கம் 17 என்று பூட்டினால் பொனட் கோணலாகத் திருகும். நானாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் அந்த 17ஐ எடுத்து ஒரு மூலையில் எறிந்துவிட்டு, மிச்சம் இருந்த பெட்டியையும் தராசுக்கு அருகே இழுத்துவந்தார். எனக்குப் பொருத்தமான சோடி கிடைக்கும் வரை எல்லாவற்றையும் இருவரும் நிறுத்தோம். போகும்போது, "பலகையை விட்டுவிட்டுப் போங்கள் தம்பி" என்றார்.

இலக்கத்தைப் பற்றி இன்னொன்று. உருளையில் அச்சிட்டிருப்பது 20 பாகை செல்சியஸில் அளந்த விசை. உள்ளே இருப்பது வாயு. ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் விசை மூன்றரை வீதம்வரை ஏறும், இறங்கும். கொழும்பின் சாதாரணப் பகல் 31, 32 பாகை. அங்கேயே நான்கு வீதம் ஏறிவிடுகிறது. காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்தால் பொனட்டுக்கு அடியில் 70 பாகை என்பது பெரிய விடயமில்லை. அப்போது 220 என்பது 257 ஆகிவிடும். நுவரெலியாவின் காலைக் குளிரில் அதே ஷொக் 212க்கு இறங்கும். கொழும்பில் மட்டுமட்டாகத் தாங்கும் ஷொக், மலைக்குப் போனால் தலைமேல் இறங்கிவிடும். நான் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டும் வேலையில் விசையைவிட நீளம்தான் ஆபத்தானது. நான் எடுத்த ஷொக் விரிந்தால் 305 மில்லிமீற்றர், முழுவதும் அமுங்கினால் 225. பொனட் மூடியிருக்கும்போது இரு முனைகளுக்கும் இடையில் 225ஐவிடக் குறைவான இடம் இருந்தால், தண்டு அடியில் முட்டிக்கொள்ளும். அப்போது அது ஷொக் அல்ல, இரும்புத் தடி. அதன்மேல் பொனட்டை ஓங்கி அடித்து மூடினால் எது முதலில் வளையும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மூடிய பொனட்டுக்குள் எப்படி அளப்பது? ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை எடுத்து, முனைகளை ஷொக் வரவிருக்கும் இரண்டு இடங்களிலும் கட்டி, உட்குழாயில் வெளிக்குழாயின் வாயை ஒட்டி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினேன். பொனட்டை மூடும்போது குழாய் சுருங்கும், வளையம் தள்ளப்படும். திறந்தபின் வளையம் நின்ற இடத்திலிருந்து அளந்தால் மூடிய நீளம் கிடைக்கும். 233 வந்தது. எட்டு மில்லிமீற்றர் இடைவெளி போதும். திறக்கும் பக்கத்தில் ஷொக்கின் முழு நீளமே பொனட்டுக்கு எல்லை. அது கொஞ்சம் நீண்டால் பொனட்டின் பின்விளிம்பு வைப்பர் பக்கத்தில் போய் முட்டும்.

பிராக்கெட் செய்யத் தெமட்டகொடையில் எங்களுக்கு வழக்கமான, தகட்டு வேலை செய்யும் டிங்கர் பாஸிடம் போனேன். பழைய சோனகத் தெருவில் வாங்கிய மூன்று மில்லிமீற்றர் பட்டை இரும்பு, பத்து மில்லிமீற்றர் குண்டு முனை கொண்ட ஆணிகள் நான்கு. பாஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மட்கார்டில் நேரே வெல்டிங் வைத்துவிடுவோம், ஐந்து நிமிட வேலை என்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். ஆனாலும் "வேண்டாம் பாஸ்" என்பது இரு பக்கமும் விளங்கும். மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் சுற்றியுள்ள பெயின்டும் துத்தநாகப் பூச்சும் எரிந்துபோகும். கடற்காற்றில் அடுத்த வருடமே துரு பூக்கும். மட்கார்டைப் பிடித்திருக்கும் ஆணிகளில் ஒன்றைக் கழற்றி, பிராக்கெட்டை அதன் அடியில் வைத்து முடுக்கலாம். தகட்டில் புதிய துளையே தேவையில்லை. பொனட் பக்கம் மட்டும் உட்சட்டத்தில் துளைத்து ரிவெட் நட் வைத்தோம். துளைக்கும் ஊசியில் எட்டு மில்லிமீற்றர் விட்டு நாடா சுற்றச் சொன்னேன். உட்சட்டத்துக்கும் வெளித்தகட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு விரல் இடைவெளி. ஊசி ஒரு தரம் வழுக்கிப் போனால் பொனட்டின் மேலே ஒரு கொப்புளம் எழும்பும். துளையின் விளிம்புக்கு ஸிங்க் பிரைமர் தடவாமல் நட்டை வைக்க விடவில்லை. பாஸ் முணுமுணுத்தார், தடவினார்.

அவர் பங்குக்கு ஒன்று செய்தார், அது நான் யோசிக்காதது. ஷொக்கை மாட்டுமுன் பொனட்டை இரண்டு மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பார்த்து, "மாத்தயா, பிணைச்சல் இறுக்கம்" என்றார். இடது பிணைச்சல் உப்புக் காற்றில் பாதி இறுகியிருந்தது. அதன்மேல் ஷொக்கைப் பூட்டியிருந்தால், பிணைச்சல் திரும்ப மறுக்க, ஷொக் தள்ள, தகடு இரண்டுக்கும் நடுவே மடிந்திருக்கும். எண்ணெய் விட்டு, ஏற்றி இறக்கி, துடைத்து, மறுபடி எண்ணெய் விட்டார். பழைய காருக்கு ஷொக் பூட்டுகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

ஷொக்கின் எந்த முனை மேலே என்பதும் முக்கியம். உருளை பொனட் பக்கம், தண்டு மட்கார்ட் பக்கம். திறந்த நிலையில் தண்டு கீழ்நோக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீல் மீது தங்கி அதை நனைத்துவைக்கும். பொனட் எழும்பும் கடைசி விரற்கடையில் பிஸ்டன் எண்ணெய்க்குள் புகுந்து வேகம் தணியும். தலைகீழாகப் பூட்டினாலும் வேலை செய்யும், ஆனால் பொனட் கடைசியில் டக்கென்று முட்டும், சீலும் சீக்கிரம் காயும். தண்டில் கிரீஸ் பூசக்கூடாது. தூசு ஒட்டி அதுவே உப்புத்தாளாகிச் சீலைத் தேய்க்கும். பெயின்ட் அடிக்கக் காரைக் கொடுக்கும்போது தண்டுக்கு நாடா சுற்றிக் கொடுங்கள். அதில் தெறித்துக் காயும் ஒரு துளி பெயின்ட் போதும், சீல் கிழிவதற்கு.

இப்போது பொனட் எப்படி இருக்கிறது? நானா சொன்னதுபோலத் தானாக எழும்புவதில்லை. முக்கால்வாசித் தூரம் கையால் தூக்க வேண்டும், ஆனால் பாரம் தெரியாது. மேலே போனதும் அதுவே மிச்சத்தை ஏறி நிற்கும். மூடும்போது ஒரு கிலோ அமுக்கினால் இறங்கத் தொடங்கும். மூடிய நிலையில் ஷொக்குகள் பொனட்டை மேலே சுழற்றும் திருப்பம் பாரத்தின் ஆறில் ஒரு பங்குதான். பின்மூலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஓடும்போது பூட்டு ஏதோ காரணத்தால் விட்டாலும், பொனட்டைக் காற்றோடு சேர்ந்து கண்ணாடிமேல் எறியும் வேலையில் ஷொக்கின் பங்கு சிறிதாகவே இருக்கும். இரண்டாம் கொக்கிக்கு வேலை இலகு. அந்தக் கொக்கியையும் அப்போதே துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டோம்.

முட்டுக்கம்பியைக் கழற்றவில்லை. ஷொக் பூட்டியதும் பலர் முதலில் செய்வது, அழகுக்காக அந்தக் கம்பியைத் தூக்கி எறிவது. எனக்கு இது விளங்கவே இல்லை. ஷொக் ஒருநாளில் சாவதில்லை; மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பலம் இழந்து, ஒரு நாள் நீங்கள் பெல்ட்டைப் பார்க்கக் குனிந்திருக்கும்போது இறங்கத் தொடங்கும். நீண்ட வேலைக்கு நான் இன்னமும் கம்பியைத்தான் கொடுக்கிறேன். புதிய கிளிப் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மேல்மாடியில் இருக்கும் அண்ணர் இதைப் பார்த்துவிட்டுத் தன் வேகன் ஆருக்கும் பூட்டித் தரச் சொன்னார். அதன் பொனட்டை என் மகளே ஒரு கையால் தூக்குவாள், தேவையில்லை என்றேன். அவருக்கு மனமில்லை.

"அப்படியென்றால் பின்பக்கத்துக்காவது ஏதும் செய்யலாமா தம்பி? டிக்கியைத் திறந்தால் நிற்குதில்லை."

போய்ப் பார்த்தேன். பின்கதவைத் தும்புத்தடியால் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, அதன் கீழே நின்று அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். ஷொக் இரண்டும் எண்ணெய் கசிந்து கறுத்திருந்தன. உருளையில் இருந்த இலக்கத்தைத் துடைத்து எழுதிக் கொடுத்து, அதே இலக்கத்தில் ஒரு சோடி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று நானாவின் கடைக்கு அனுப்பினேன். தராசில் நிறுத்துப் பார்த்து வாங்கி வந்தார்.